பதினெட்டுத் தொட்டி டாரகன்

நவம்பர் 6, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். கையில் ஒரு மணி நேரம் கிடைத்தால் ஒரு தட்டு பன் சுட்டுவிடுவேன். இப்போது நேரம் கொட்டிக் கிடக்கிறது. மகள் காலேஜில் பாதி எழுதி மிச்சம் வைத்த நோட்டு ஒன்றை எடுத்திருக்கிறேன். தோட்டத்து விவரங்களுக்காக மட்டும்.

கோத்தகிரியில் லிடியா மேடம் நடத்தும் பங்களாவில் பத்தொன்பது வருஷமாக நான்தான் சமையல். எட்டு அறை. அங்கே தங்க வருகிறவர்கள் கேட்டுச் சாப்பிடுவது டாரகன் கோழி. டாரகன் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம். ஒல்லி இலை, சோம்பு வாசனை, பிகு ரொம்ப அதிகம். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு விருந்தாளி அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்த வேர்த்துண்டு ஒரு பாத்தியாகவே பெருகியிருந்தது. இந்த ஐப்பசி மழையில் பாத்தி முழுக்க அழுகிவிட்டது. நல்லவேளை, ஆகஸ்டில் ஒன்பது கொழுந்து கிள்ளி வீட்டில் தொட்டிகளில் வைத்திருந்தேன். மிச்சம் அவ்வளவுதான்.

செப்டம்பரில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு முறை வெங்காயம் கருகி, கருகியது தெரியாமல் குழம்பு மேஜை வரை போய்விட்டது. மேடம் கூப்பிட்டார். "ரெஜினா, உடம்பு நல்லா தேறட்டும். ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வந்துடுங்க. டாரகனையும் அதுக்குள்ள பெருக்கிக் கொண்டாங்க. அதுவரைக்கும் துரைராஜ் பாத்துக்கட்டும்." துரைராஜ் கோயம்புத்தூர் ஓட்டலிலிருந்து வந்திருக்கிறான். ஈஸ்டருக்கு நான் போய் நின்று சமைக்காவிட்டால் அடுப்பு அவனுக்கே. அதையும் மேடம் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

எனக்கு ஒன்றுமில்லை. சளி இன்னும் விடவில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

மழை. தொட்டிகளுக்கு மேல் பாலிதீன் கூரை கட்டினேன். டாரகனுக்குத் தாகம் தாங்கும், ஈரம் தாங்காது. தொட்டிக்கு அடியில் ஓட்டுச்சில், அதன்மேல் பாதிக்குப் பாதி மணல். ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன.

பக்கத்து வீட்டுப் போஜன் அண்ணன் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து கூப்பிட்டார். ரிட்டயர்டு வனக்காவலர், பொடி போடுகிறவர். தபாலில் டாரகன் விதை வரவழைத்துப் போட்டாராம். "தங்கச்சி, சும்மா புல்லு மாதிரி முளைச்சிருச்சு! உன்னுதக் காட்டிலும் ஜோரு. ஒம்பது தொட்டி உனக்குத்தான், வச்சுக்கோ." ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா, என்ன வாசம்! நீயே பாரு."

எனக்கு வேர்த்துண்டு வைத்துத்தான் பழக்கம். விதையில் வந்த டாரகனை நான் பார்த்ததில்லை. முகர்ந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதே வாசனைதாண்ணா," என்றேன்.

அவருடைய ஒன்பதையும் என்னுடைய ஒன்பதோடு சேர்த்து வைத்துவிட்டேன். ஒரே கடையில் வாங்கிய கறுப்புத் தொட்டிகள். பெயர்க்குச்சி எதுவும் குத்தவில்லை, எல்லாம் ஒன்றுதானே.

டிசம்பர் 11, ஞாயிறு

நேற்று மதியம் தொட்டிகளைச் சுவர் ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். மினிபஸ் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்தவர், நேராகச் சமையலறைக்குப் போய் எல்லா ஜன்னலையும் திறந்து போட்டார்.

"என்னங்க, இந்தக் குளிர்ல?"

"சும்மா. காத்து வரட்டும்."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் திறந்தபடியே இருந்திருக்கிறது. ஐந்து நிமிஷம் முன்னால்தான் நான் உள்ளே போய்க் கத்தி எடுத்துக்கொண்டு வந்தேன். கவனக்குறைவு யாருக்கும் வரும்.

டிசம்பர் 15, வியாழன்

இவருக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் வெந்நீர்கூட வைக்காத மனிதர், எனக்கு முன்னால் எழுந்து அடுப்பு பற்றவைத்துக் காப்பி போடுகிறார். சூடாக இருக்கிறது. அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

டிசம்பர் 25, ஞாயிறு

பங்களாவில் கிறிஸ்துமஸ் கேக் துரைராஜ் போட்டிருக்கிறான். மேடம் ஒரு துண்டு அனுப்பியிருந்தார். மெத்தென்று இருந்தது. கோயிலில் எல்லாரும் எப்போது வேலைக்குப் போவீர்கள் என்று கேட்டார்கள். ஈஸ்டருக்கு என்றேன், ஆள் ஆளுக்கு.

ஜனவரி 8, ஞாயிறு

உறைபனி. பதினெட்டுத் தொட்டியும் காய்ந்த குச்சியாக நிற்கின்றன. போஜன் அண்ணன் வேலியில் நின்று துக்கம் விசாரித்தார். செத்துப்போகவில்லை, தூங்குகிறது என்றேன். டாரகனுக்கு இந்தக் குளிர்த்தூக்கம் வேண்டும். பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால்தான் வேர் அழுகிச் சாகும். குச்சியைத் தரையோடு வெட்டிவிட்டு, காய்ந்த சருகு போட்டு மூடினேன். வேறு ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் இப்போது வேலை. எனக்கு வரவே வராத வேலை.

ஜனவரி 20, வெள்ளி

மகளைப் பார்க்கப் போகிறேன் என்று இவரிடம் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் காது மூக்கு டாக்டரைப் பார்த்தேன்.

எழுதிவிடுகிறேன். எனக்கு வாசனை தெரியவில்லை. செப்டம்பர் காய்ச்சலிலிருந்து எதுவும் தெரியவில்லை. மீன் தெரியவில்லை, சாம்பிராணி தெரியவில்லை, இவர் சட்டையில் டீசல் தெரியவில்லை. சளி எப்போதோ போய்விட்டது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, காரம் நாக்கில் இருக்கின்றன. மற்றதெல்லாம் போய்விட்டது. இதை அந்த டாக்டரிடம் சொன்னதுதான் முதல் தடவை. சொல்லும்போது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

"வரலாம்மா. வராமலும் போகலாம். உறுதியாச் சொல்ல முடியாது," என்றார். காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சைத் தோல், காப்பித்தூள் எல்லாம் முகர்ந்து பழகச் சொன்னார். வரலாம் என்றதை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஈஸ்டருக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது.

பிப்ரவரி 2, வியாழன்

கிராம்பு. எலுமிச்சை. காப்பி. ஒன்றுமில்லை. நாளையும் முகர்வேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

முளைத்துவிட்டன! சருகை விலக்கினால் பச்சை. நான்கு தொட்டி எழவில்லை. எட்டுத் தொட்டியில் முளை தடிதடியாக, பார்க்கவே தெம்பாக இருக்கிறது. மிச்சம் ஆறு சவலை, நூல் நூலாக வந்திருக்கிறது. சவலைகளைக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். தெம்பானதற்கு எருவும் நல்ல வெயிலும். நான் ஜெயித்துவிட்டேன் என்று போஜன் அண்ணனிடம் சொன்னேன். அவர் தன் விதைதான் ஜெயித்தது என்கிறார். இருக்கட்டும்.

பிப்ரவரி 26, ஞாயிறு

தெம்பான எட்டில் ஆறு தொட்டியைப் பங்களாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் ஒரு சாணுக்கு மேல் வந்துவிட்டது. மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். துரைராஜ் சமையலறை வாசலில் நின்று, "வாங்கக்கா," என்றான். என் அடுப்புக்கு என்னையே வரவேற்கிறான்! உள்ளே எட்டிப் பார்த்தேன். கரண்டிகளை வேறு ஆணியில் மாட்டியிருக்கிறான். ஈஸ்டர் வரட்டும்.

மார்ச் 5, ஞாயிறு

மேடம் போன் செய்தார். ஆறு தொட்டியிலிருந்து பறித்துத் துரைராஜ் டாரகன் கோழி செய்திருக்கிறான்.

"ரெஜினா, புல்லைப் போட்ட மாதிரி இருக்கு. வாசனையே இல்லை. டாரகன்ல ரெண்டு ஜாதி உண்டாம். வாசனை உள்ளது விதையில வராதாம், கொழுந்தோ வேரோ வச்சாத்தானாம். விதையில வர்றது திமுதிமுன்னு வளருமே தவிர ஒண்ணுக்கும் ஆகாதாம். நீங்க முகர்ந்து பாக்கலையா?"

"பாத்துத்தான் மேடம் குடுத்தேன்."

"நீங்களா இப்படிக் குடுத்தீங்க?"

போனை வைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் மேடத்திடம் நான் அப்படிச் செய்ததில்லை.

மார்ச் 6, திங்கள்

விடிந்ததும் போஜன் அண்ணனைத் தேடிப் போனேன். நேராகக் கேட்டேன். "அண்ணா, உண்மையைச் சொல்லுங்க. அன்னிக்கு அந்த இலையில வாசனை வந்துச்சா?"

பொடிமட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நாப்பது வருஷமா பொடி போடற மூக்கும்மா இது. எருமை செத்து பக்கத்துல கெடந்தாலும் தெரியாது. நீ சமையக்காரி ஆச்சே, நீ சொன்னாச் சரியா இருக்கும்னு..."

"நீங்க கண்ண மூடிக்கிட்டு ஆகான்னீங்களே!"

"இலைய மோந்தா எல்லாரும் அப்படித்தானே செய்வாங்க?"

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. வேலிக்கு இரண்டு பக்கமும் ஒன்றுக்கும் உதவாத இரண்டு மூக்குகள் நின்று ஒன்றுக்கொன்று நற்சான்று கொடுத்திருக்கின்றன. என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. என் மூக்கும் போய்விட்டது அண்ணா என்று சொல்லிவிட்டேன். அவர் பொடிமட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அடப் பாவமே," என்றார்.

மார்ச் 7, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பதினோரு வருஷச் செடியை என் பொய்யால் அழித்துவிட்டேனா என்று தெரிந்தாக வேண்டும். மிச்சம் இருந்த இரண்டு தெம்பான செடியிலும் இலையைக் கிள்ளி வாயில் போட்டு மென்றேன். லேசான கசப்பு மட்டும். பிறகு கோழிக்கூட்டுப் பக்கம் போனேன். சவலைகளில் இரண்டைக் கோழிகள் கிளறி எறிந்துவிட்டிருந்தன. மிச்சம் நான்கு. முதல் செடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஓர் இலையை மென்றுகொண்டே கோழியை விரட்டத் திரும்பினேன். நாக்கு நுனி மரத்துப்போனது. கிராம்பைக் கடித்தால் வருமே, அப்படி.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வருஷமாகக் கிள்ளும்போதெல்லாம் ஓர் இலையை வாயில் போட்டுக்கொள்வேன். இந்த மரப்பு அப்போதும் இருந்தது. வாசனை முந்திக்கொண்டு வந்ததால் இதை நான் பொருட்படுத்தியதில்லை. இது மூக்கின் வேலை இல்லை, நாக்கின் வேலை. என் நாக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவசரப்படவில்லை. மரத்த நாக்கோடு அடுத்ததைச் சோதிக்கக் கூடாது. மோர் குடித்து, வெறும் சோறு இரண்டு வாய் தின்று, ஒரு மணி நேரம் காத்திருந்து அடுத்த செடி. சாயங்காலத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. மூன்று உண்மையான டாரகன். நான் கோழிக்குத் தள்ளிவிட்ட சவலைகளில் மூன்று.

இவர் வந்ததும் சொன்னேன். காய்ச்சலிலிருந்து, கோயம்புத்தூர் டாக்டர் வரைக்கும். இவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "தெரியும் ரெஜி. கேஸ் அன்னிக்கே தெரியும்," என்றார்.

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். அதுவரைக்கும் வீடு எரியாமப் பாத்துக்கலாம்னு."

மூன்று மாதம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்று கோபம் வந்தது. பிறகு அழுதேன். அவர் தட்டு எடுத்து வைத்தார்.

மார்ச் 12, ஞாயிறு

மூன்று செடியையும் தெற்குச் சுவருக்கு மாற்றி முள்வேலி போட்டாயிற்று. கோழிகளுக்குச் சிறை. ஒவ்வொரு செடியிலும் இரண்டு கொழுந்து, நான்கு விரல் நீளம், கணுவுக்குக் கீழே வெட்டினேன். கீழ் இலைகளை உருவி ஈர மணலில் குத்தி, பாதியாக வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். தேன் தடவினால் வேர் விடும் என்றார் போஜன் அண்ணன். தடவினேன், எறும்பு வந்தது. கழுவிவிட்டு மறுபடி குத்தினேன்.

மார்ச் 19, ஞாயிறு

பூசை முடிந்து பங்களாவுக்குப் போய் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வாசனை தெரியாம எப்படி ரெஜினா சமைப்பீங்க? தோட்டத்தைப் பாத்துக்கோங்களேன். உங்களை நான் விட மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் இன்னும் வலித்தது. "ஈஸ்டர் சாப்பாடு எனக்குன்னு சொன்னீங்க மேடம். இருபத்தினாலு பேருக்கு. அத நான் செஞ்சிட்டு, அப்புறம் நீங்க எங்க நிக்கச் சொல்றீங்களோ அங்க நிக்கறேன்."

சரி என்றார். நம்பிச் சொன்ன சரி இல்லை அது.

மார்ச் 27, திங்கள்

வீட்டில் டாரகன் கோழியை நான்கு தடவை செய்து பார்த்துவிட்டேன். வெண்ணெயில் நுரை அடங்கும் சத்தம், வெங்காயத்தின் நிறம், கரண்டி முதுகில் சாறு படிகிற கனம், எல்லாம் கைக்குத் தெரிகிறது. தெரியாதது ஒன்றே ஒன்று. சாறு கெட்டிப்படப் போடுகிற மாவின் பச்சை வாடை எப்போது போகிறது என்பது. அதை மூக்குதான் சொல்ல வேண்டும். நேற்று இவரைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு," என்றார். அவருக்கு இருபத்தாறு வருஷமாக எல்லாமே நல்லாத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

பாட்டிலை எடுத்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். ஆறில் ஐந்து மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வேர் விட்டாயிற்று.

ஏப்ரல் 8, சனி

நாளைக்கு வேண்டியதை இன்றே பங்களாவில் எடுத்து வைத்தேன். தாய்ச்செடி மூன்றிலிருந்தும் இரண்டு கைப்பிடி இலை, ஒவ்வொன்றும் நான் மென்று பார்த்த கிளையிலிருந்து. துரைராஜ் கேட்காமலேயே கோழியைத் துண்டு போட்டு வைத்திருந்தான். நல்ல கை, ஒரே அளவாக வெட்டியிருந்தான். கதவுக்குப் பின்னால் அவன் பை கட்டி வைத்திருந்தது.

"நாளைக்குச் சாயங்கால பஸ்ஸுக்கா. நீங்க வந்துட்டீங்கன்னா எனக்கு இங்க வேலை இல்லியே."

அவன் முகத்தைப் பார்க்காமல் கரண்டிகளை என் பழைய ஆணிக்கு மாற்றினேன். இந்த ஐந்து மாதமாக இவன் போவதைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்த சந்தோஷம் வரவில்லை.

ஏப்ரல் 9, ஈஸ்டர்

பன்னிரண்டு மணிக்குச் சாறு அடுப்பில் இருந்தது. நிறம் சரி. கனம் சரி. நாக்கில் உப்பு சரி. இலையைப் போட வேண்டிய நேரம். மாவு வெந்ததா என்று தெரியவில்லை. சட்டியின் மேல் குனிந்து நின்றேன். ஆவி முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். இருபத்தினாலு பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம் போல நான் என்றைக்கும் பயந்ததில்லை.

"துரைராஜ், இங்க வா. வாசனை எப்படி இருக்குன்னு சொல்லு."

அவன் சிரித்தான். "பரீட்சை வைக்கறீங்களாக்கா?"

"இல்ல. எனக்கு வாசனை தெரியாது. ஏழு மாசமாத் தெரியாது. பாத்துச் சொல்லு."

தட்டு துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். துரைராஜும் சிரிப்பை நிறுத்தினான். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தான். அவசரப்படாமல் இழுத்தான், மறுபடி இழுத்தான்.

"வெண்ணெய் நல்லா வருதுக்கா. கோழி வாடை சுத்தமாப் போயிருச்சு. ஆனா அடியில மாவு வாடை லேசா நிக்குது."

"லேசான்னா எவ்வளவு? சப்பாத்தி மாவு பிசையும்போது வருமே, அந்த அளவா?"

"அவ்வளவு இல்ல. சப்பாத்தி கல்லுல போட்டு ஒரு பக்கம் திருப்பறதுக்கு முன்னாடி."

தெரிந்துவிட்டது. அவன் சொன்னதும் எனக்கு அந்த வாடை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. இன்னும் இரண்டு நிமிஷம் என்றேன். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி குனிந்தவன் தலையை ஆட்டினான். இலையைத் தூவினேன். அவன் கண் விரிந்தது.

"அக்கா! இதுதானா டாரகன்? சோம்பு மாதிரி இருக்கு, ஆனா சோம்பு இல்ல. தித்திப்பா, மலைக்காத்து மாதிரி. இதுக்குத்தான் எல்லாரும் வர்றாங்களா?"

ஆமாம், இதுதான் என்றேன். எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தன. மூன்றரை மணிக்கு மேடம் சமையலறைக்கு வந்தார். "ரெஜினா, நான் தோத்துட்டேன். நாளையிலிருந்து வந்துடுங்க." துரைராஜ் பையை எடுக்கப் போனான்.

"அவரும் இருந்தா வர்றேன் மேடம்."

"எட்டு ரூமுக்கு ரெண்டு பேரா?"

"இன்னிக்கு நீங்க சாப்பிட்டதே ரெண்டு பேர் செஞ்சதுதான். என் கைக்கு அவர் மூக்கு வேணும். அவர் இல்லாம இந்த அடுப்புகிட்ட நான் நின்னா இன்னொரு தடவை கருகினது உங்க மேஜைக்கு வரும். எனக்குத் தோட்டமும் வேணும், அடுப்பும் வேணும். பாதி நேரம் நான் பாத்தியில இருப்பேன், அப்ப அவர் பாக்கட்டும்."

மேடம் என்னைப் பார்த்தார், துரைராஜைப் பார்த்தார், சட்டியில் மிச்சம் இருந்த சாற்றைப் பன்னால் துடைத்துச் சாப்பிட்டார். "பாத்தி எத்தனை நாள்ல திரும்ப வரும்?"

"மத்தவங்க பத்து மாசம் சொல்லுவாங்க. நான் ஆறு மாசத்துல கொண்டாந்துடுவேன்."

"அப்ப அவர் இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

துரைராஜ் பையைப் பிடித்தபடி அப்படியே நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். நன்றி கின்றி என்று ஆரம்பித்தால் எனக்குத் தாங்காது என்று நான் முந்திக்கொண்டேன்.

"நாளைக்கு ஆறு மணிக்கு வந்துரு. பனியில தலைக்குத் துணி கட்டாம வந்தே, பாத்துக்கோ. உனக்குச் சளி பிடிச்சா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிரும்."